நில் ரிப்போர்ட் ஜெனீவா போகும் வழி: குழந்தைகள் உரிமைக் கண்காணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு பக்கம் கிராமக் கூட்டங்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுப் பயிற்சிகளுக்கும் சில வருடங்களாகப் போய்வருகிறேன். போகிற இடமெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் டீ ஆறிப்போகும் வரை பேசுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு நாடு குழந்தைகள் உரிமையை நடைமுறைப்படுத்துகிறதா என்று கண்காணிப்பது என்றால் என்ன? ரெய்டு போவதா?

இல்லை. ரெய்டு போவது அதிகாரிகள் வேலை. கண்காணிப்பு என்பது, கொடுத்த வாக்குக்கும் நடக்கிற காரியத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று விடாமல் அளந்துகொண்டே இருப்பது. மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சட்டம், குழு, அலுவலர் எல்லாம் இருக்கிறார்களா? அவர்கள் வேலை செய்கிறார்களா, அதாவது கூட்டம் நடந்ததா, ஆய்வுக்குப் போனார்களா, பணம் செலவானதா? கடைசியாக, அதனால் குழந்தையின் வாழ்க்கையில் ஏதாவது மாறியதா?

முதல் விஷயத்தைக் காட்டியே பாதிப் பேர் தப்பித்துவிடுகிறார்கள். "சட்டம் இருக்குதுங்களே" என்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்துதான் சொல்கிறார்கள்.

எந்த வாக்கு? யாருக்குக் கொடுத்தது?

ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை. மொத்தம் 54 பிரிவுகள். 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் குழந்தைகள். இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று இதில் சேர்ந்தது. இன்று 196 தரப்புகள் இதில் இருக்கின்றன. ஐ.நா. உறுப்பு நாடுகளில் இன்னும் உறுதி செய்யாமல் இருப்பது அமெரிக்கா ஒன்றுதான்.

சேர்ந்த நாடு முதல் இரண்டு வருடத்துக்குள் ஓர் அறிக்கையும், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒன்றும் கொடுக்க வேண்டும் என்று 44-ஆவது பிரிவு சொல்கிறது. அதை வாங்கிப் படித்துக் கேள்வி கேட்க ஜெனீவாவில் ஒரு குழு உண்டு. 18 நிபுணர்கள், நான்கு வருடப் பதவி. நாடுகள் வேட்பாளர்களை முன்மொழிந்து தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் உட்கார்ந்த பிறகு அவர்கள் எந்த நாட்டுக்கும் பிரதிநிதி கிடையாது.

ஜெனீவாவில் உண்மையில் என்ன நடக்கிறது?

முதலில் அரசு தன் அறிக்கையை அனுப்புகிறது. நம் நாட்டில் இது ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் வேலை. அரசு சொல்லாமல் விட்டதை அமைப்புகள் 'மாற்று அறிக்கை' என்று தனியாக அனுப்பலாம். உடன்படிக்கையின் 45-ஆவது பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது. குழு அந்த அமைப்புகளைக் கதவடைத்த கூட்டத்தில் சந்தித்துப் பேசும். பிறகு அரசுக்கு ஒரு கேள்விப் பட்டியல் போகும். கடைசியில் அரசுத் தரப்பினர் நேரில் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். இது பகிரங்கமாக நடக்கும். இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம்.

எல்லாம் முடிந்த பின் குழு தன் 'நிறைவுக் கருத்துகளை' வெளியிடும். இந்தியாவின் அறிக்கைகள் இப்படி 2000, 2004, 2014 ஆகிய வருடங்களில் ஆராயப்பட்டன. கடைசி முறை மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து ஒரே அறிக்கையாகக் கொடுத்தார்கள். ஐந்து வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

குழு சொல்வதைக் கேட்காவிட்டால் என்ன செய்வார்கள்?

ஒன்றும் செய்ய மாட்டார்கள். அபராதம் கிடையாது, தண்டனை கிடையாது. குழந்தையே நேராகக் குழுவிடம் புகார் கொடுக்க 2011-இல் ஒரு கூடுதல் நெறிமுறை வந்தது. 2014-இல் அது நடைமுறைக்கும் வந்தது. இந்தியா அதில் சேரவில்லை. அதனால் வேலூரிலிருந்து யாரும் ஜெனீவாவுக்கு வழக்குப் போட முடியாது.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு என்று கேட்பீர்கள். எழுத்தில் வந்துவிட்ட கேள்விக்கு ஒரு கனம் உண்டு. உதாரணம் ஒன்று சொல்கிறேன். உடன்படிக்கையில் சேரும்போதே, குழந்தைத் தொழில் பற்றிய 32-ஆவது பிரிவுக்கு இந்தியா ஒரு அறிவிப்பைச் சேர்த்தது. எல்லா வேலைக்கும் குறைந்தபட்ச வயதை உடனே வைப்பது எங்களால் ஆகாது, படிப்படியாகத்தான் செய்வோம் என்பது அதன் சாரம். இதைத் திரும்பப் பெறுங்கள் என்று குழு சொன்னது. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பது, ஓரிரு விலக்குகள் தவிர, எல்லாத் தொழிலிலும் தடையானது. 2017-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138, 182 என்ற இரண்டு உடன்படிக்கைகளையும் (வேலைக்குக் குறைந்தபட்ச வயது, மிக மோசமான குழந்தைத் தொழில் ஒழிப்பு பற்றியவை) இந்தியா உறுதிசெய்தது. ஜெனீவாவால் மட்டும் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். உள்ளூரில் வருடக்கணக்காகக் கத்தியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கத்தலுக்கு ஒரு ஆவணம் கையில் இருந்தது.

நம் பக்கம் பீடி வேலை வீட்டுக்குள் நடக்கிறது. அது எந்தக் கணக்கில் வரும்?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

வேலூர் அடங்கிய பழைய வடார்க்காடு மாவட்டம் என்றாலே பீடி என்று வெளியூர்க்காரர்கள் பேசிய காலம் உண்டு. கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 1990-களில் வெளியுலகில் வந்த அறிக்கைகளில் நம் மாவட்டத்தின் பெயர் இருந்தது. அந்த நிலைமை இன்று பெரும்பாலும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் வேலை எங்கே போனது என்றும் பார்க்க வேண்டும்.

1986-ஆம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி செய்வதைத் தடைசெய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் வைத்தது. கூடவே, குடும்பத்தார் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு இந்தத் தடை பொருந்தாது என்று ஒரு வாசலையும் திறந்து விட்டது. பீடி சுற்ற மெஷின் வேண்டியதில்லை, கட்டடம் வேண்டியதில்லை. இலையும் தூளும் வீட்டுக்கே வந்துவிடும். குழந்தை 'குடும்ப உதவி' ஆகிவிட்டது. 2016 திருத்தத்திலும் பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலில் உதவலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் அபாயகரமான தொழில்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பீடி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆக, வீட்டுத் திண்ணையில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து செய்தாலும் சட்டப்படி தவறுதான்.

குடியாத்தத்தை அடுத்த ஒரு ஊரில் நான் பார்த்தது இது. பாட்டி மடியில் முறம், முறத்தில் தூள், ஓரத்தில் ஈரத் துணியில் சுற்றிய இலை. பாட்டி சுற்றிச் சுற்றிப் போடுகிறார். எதிரில் ஆறாம் வகுப்புப் பேத்தி. பீடியின் முனையை மடித்து மூடுவது அவள் வேலை. பேச்சு ஒரு பக்கம், டிவி ஒரு பக்கம், விரல் நிற்கவே இல்லை. எத்தனை மணி வரை என்று கேட்டேன். பாட்டிக்குக் கோபம். "இன்னா தம்பி, புள்ள கூடமாட ஒத்தாசையா ரெண்டு மடிச்சுக் குடுக்குது. இதுக்குப் பேரு வேலையா?" என்றார். பொய் சொல்லவில்லை. அவர் மனதில் அது வேலையே இல்லை. ஆயிரம் பீடி முடித்தால்தான் கூலி. ஒரு ஆள் கையால் ஆயிரம் முடிவது கஷ்டம்.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போனாள். பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் வருகை பதிவானது. பெயர் இருக்கிறது, வருகை இருக்கிறது, இடைநிற்றல் இல்லை. மாவட்டக் கணக்கில் அவள் வெற்றிக் கதை. மூன்றாம் பீரியடில் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்குகிறாள் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அதென்ன நில் ரிப்போர்ட்?

அரசு அலுவலகங்களில் எல்லோருக்கும் தெரிந்த சொல். கேட்ட தலைப்பில் ஒன்றுமே இல்லை என்று அனுப்பும் அறிக்கை. ஒரு கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். குழந்தைத் தொழிலாளர்: இல்லை. குழந்தைத் திருமணம்: இல்லை. இடைநின்றோர்: இல்லை. நான்கு காலாண்டும் அதே கையெழுத்து, அதே பேனா. நான்கு கூட்டத்தையும் ஒரே உட்காரலில் எழுதியிருக்கிறார்கள் என்று என் சந்தேகம். அந்தப் பதிவேடு இருந்த கட்டடத்திலிருந்து மேலே சொன்ன திண்ணை, கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

அந்த 'இல்லை' ஊராட்சி ஒன்றியத்துக்குப் போகிறது. அங்கே ஊர் ஊராக வந்த 'இல்லை'களைக் கூட்டுகிறார்கள். சுழியத்தோடு சுழியம் சேர்ந்தால் சுழியம்தானே. அப்புறம் மாவட்டம், மாநிலம், டெல்லி. கடைசியில் ஜெனீவாவில் 'கணிசமாகக் குறைந்துள்ளது' என்று ஒரு வாக்கியமாக வாசிக்கப்படுகிறது. யாரும் வழியில் பெரிய பொய் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு சின்னச் சோம்பேறித்தனம், ஒரு சின்னப் பயம், அவ்வளவுதான்.

தமிழில் 'நில்' என்றால் மேலே போகாதே என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான். அந்தச் சொல்லைப் பார்த்ததும் விசாரணை அங்கேயே நின்றுவிடுகிறது.

உள்நாட்டில் கண்காணிக்க வேண்டியவர்கள் யார்?

2005-ஆம் வருடச் சட்டப்படி குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையமும் மாநில ஆணையங்களும் இருக்கின்றன. தேசிய ஆணையம் 2007-இல் வந்தது. கல்வி உரிமைச் சட்டம், போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்), இளைஞர் நீதிச் சட்டம் ஆகிய மூன்றையும் கண்காணிக்கும் பொறுப்பை அந்தந்தச் சட்டமே இவற்றிடம் கொடுத்திருக்கிறது. விசாரிக்கும்போது ஆட்களை வரவழைக்க, ஆவணம் கேட்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. தீர்ப்புச் சொல்ல முடியாது. பரிந்துரைக்கலாம், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போகலாம்.

மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு. குழந்தைத் திருமணம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலர். ஊரில் கிராமக் குழு, பள்ளி மேலாண்மைக் குழு. மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பட்டியல் நீளம்தான். என் அனுபவத்தில் இதில் உயிரோடு இயங்கக்கூடியது மேலாண்மைக் குழு. காரணம், அதில் இருப்பவர்களின் பிள்ளை அதே பள்ளியில் படிக்கிறது.

முன்பு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் என்று ஒன்று 1988 முதல் நடந்தது. வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளுக்கு நம் மாவட்டத்திலும் சிறப்பு மையங்கள் நடத்தினார்கள். 2021 ஏப்ரலில் அதைப் பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைத்துவிட்டார்கள். 'வேலை செய்யும் குழந்தை' என்று தனியாகத் தேடிய ஒரு கண் அதோடு மூடிக்கொண்டது என்பது என் கருத்து.

வழக்கு எண்ணிக்கை கூடினால் நிலைமை மோசம் என்று அர்த்தமா?

பெரும்பாலும் தலைகீழ். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) சொல்வது: 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 நிறையும் முன்பே கல்யாணம் ஆனவர்கள் இந்தியாவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8 சதவீதம். தமிழ்நாட்டில் எட்டில் ஒருவர். அதே காலத்தில், 2021-இல், குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் நாடு முழுக்கப் பதிவான வழக்குகள் 1,050. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழக்கு எண்ணிக்கை காட்டுவது யாராவது போன் எடுத்தார்களா, யாராவது எழுதிக்கொண்டார்களா என்பதை மட்டும்தான். ஒரு மாவட்டத்தில் திடீரென்று புகார் ஏறினால் அங்கே ஒரு நல்ல அலுவலர் வந்திருக்கிறார் என்று நினைக்கக்கூட இடம் இருக்கிறது. அவரை எண்ணிக்கை கூடியதற்காகக் கேள்வி கேட்டால் அடுத்த மாதம் எண்ணிக்கை கச்சிதமாகக் குறைந்துவிடும்.

வேலூர் மாவட்ட எண்களை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. 2019 நவம்பர் 28 அன்று ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகச் செயல்படத் தொடங்கின. ஆனால் மேலே சொன்ன ஆய்வு 2017 மார்ச் நிலவரப்படி இருந்த மாவட்டங்களையே எடுத்துக்கொண்டது. அதில் 'வேலூர்' என்று இருப்பது பழைய பெரிய வேலூர். வாணியம்பாடி, ஆம்பூர், அரக்கோணம் எல்லாம் அதற்குள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் 39 லட்சம் பேர் இருந்த மாவட்டம் அது. அந்தச் சதவீதத்தை இன்றைய சின்ன வேலூரின் அலுவலகக் கணக்கோடு ஒப்பிட்டு 'குறைந்துவிட்டது' என்று ஒரு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். கைதட்டலும் கிடைத்தது.

சராசரியும் ஏமாற்றும். வேலூர் டவுனையும் அணைக்கட்டு மேலுள்ள பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மலை ஊர்களையும் ஒரே எண்ணில் அடைத்தால் மலை காணாமல் போய்விடும். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமை விதி. சமவெளியில் அது கால் மணி நேர நடை. மலையில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கிலோமீட்டரின் நீளம் தெரியும்.

சாதாரண ஆள் என்ன கேட்கலாம்? எப்படிக் கேட்பது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள். கடந்த இரண்டு வருடத்தில் எங்கள் ஊர் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடிய தேதிகள், ஒவ்வொரு கூட்டத்தின் தீர்மான நகல், வருகைக் கையெழுத்துப் பக்கத்தின் நகல். இந்த மூன்றையும் வாங்கினால் மீதி தானாகத் தெரியும். ஒரு இடத்தில், இறந்துபோன உறுப்பினர் ஒருவர் இரண்டு கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டிருந்தார்.

கிராமசபையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் அறிக்கையைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். 'இல்லை, இல்லை, இல்லை' என்று ஊரார் முன்னால் சத்தமாக வாசிப்பது, எழுதுவதைப் போல அவ்வளவு சுலபமில்லை. கூட்டத்தில் யாராவது சிரித்துவிடுவார்கள்.

குழந்தைகளையே கேட்கலாமா? அவர்களுக்கு என்ன தெரியும்?

அவர்களுக்குத்தான் தெரியும். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும், அது பொருட்படுத்தப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்பது உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு. ஜெனீவாக் குழுவே குழந்தைகள் தயாரித்த அறிக்கைகளை வாங்கிக்கொள்கிறது.

கேட்கும் விதம்தான் முக்கியம். 'நீ வேலைக்குப் போகிறாயா?' என்றால் 'இல்லை' என்றுதான் வரும். வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 'நேற்று ஸ்கூல் விட்டதிலிருந்து தூங்கும் வரை என்னென்ன செய்தாய், கடிகாரம் வரைந்து காட்டு' என்றால், ஆறிலிருந்து பத்து வரை பீடி என்று கலர் பென்சிலில் தானே தீட்டிவிடுவார்கள்.

போட்டோ எடுத்துப் போட்டால் சீக்கிரம் நடவடிக்கை வருமே?

எடுக்காதீர்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி என்று அடையாளம் தெரியும்படி எதை வெளியிட்டாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாலும் வெளியிட்டதுதான்.

இப்போதே ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால்?

குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு போன் போடுங்கள். கண்காணிப்பு, படிவம், அறிக்கை எல்லாம் அப்புறம். பாலியல் குற்றம் என்றால் தெரிந்தவர் தெரிவிக்காமல் இருப்பதே போக்சோவில் தண்டனைக்குரிய குற்றம்.

குடும்பத்தின் வருமானத்தைக் கெடுக்கிறீர்கள் என்கிறார்களே?

நியாயமான கோபம். அந்தப் பாட்டிக்கு வேறு வருமானம் இல்லை. பேத்தியின் விரலை நிறுத்தினால் நாள் கூலியில் ஒரு பங்கு குறையும். அதைக் கேட்காமல் சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள். அதனால் கண்காணிப்புப் பட்டியலில் பெரியவர்களின் பீடிக் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா, பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வந்ததா என்பதையும் சேர்க்கச் சொல்கிறேன். 'இது குழந்தைகள் தலைப்பில் வராதே' என்று ஒரு அலுவலர் சொன்னார். உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, போதுமான வாழ்க்கைத் தரம், தேவைப்பட்டால் பெற்றோருக்கு உதவி என்கிறது. அதில்தான் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நில் போடாமல் உள்ளதை எழுதினால் எங்களுக்குத் தொல்லை வராதா?

வரும். முன்னே சொன்ன ஊரில் கிராமக் குழுவில் இருந்த அங்கன்வாடி அம்மா ஒருவர் அடுத்த காலாண்டுப் படிவத்தில் 'குழந்தைத் தொழிலாளர்' கட்டத்தில் 4 என்று எழுதினார். பெயர் எழுதவில்லை, எண் மட்டும். ஒரு வாரத்தில் மேலிருந்து போன். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எதிர்முனையில் குரல் அவ்வளவு கோபமாக இல்லை, குழப்பமாகத்தான் இருந்தது. போன தடவை வரைக்கும் நில்தானே வந்தது, இப்போது எப்படி நான்கு, தப்பாகப் போட்டுவிட்டீர்களா, மாற்றி அனுப்புகிறீர்களா என்று கேட்டார்கள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. வாசலில் காயவைத்திருந்த மிளகாயைப் பார்த்தார்.

"தப்பா போடல சார்," என்றார். "இருக்குதுங்களே."